மோட்டார் போடாதீங்க, அளக்க வர்றோம்

அடுத்தவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று மாதம் ஒரு தடவை போய் அளந்துவிட்டு வருவதும் ஒரு வேலைதான் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்பார்கள்.

கொடுத்தார்கள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவில் சேர்ந்த அன்றே என் கையில் ஒரு டேப்பையும் கொடுத்தார்கள். தையற்காரர் டேப் இல்லை. பெரிய உருளையில் சுற்றி வைத்த நீளமான டேப், முனையில் ஒரு உலோகக் குண்டு. கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டே போனால், குண்டு தண்ணீரைத் தொட்டதும் மேலே 'பீப்' என்று சத்தம் வரும். அங்கே நிறுத்தி எண்ணைப் படித்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காக வெயிலில் வாசலில் நின்று, நாய்க்குப் பயந்து, இரண்டாவது மாடியிலிருந்து "யாரு?" என்று கேட்பவருக்குக் கழுத்து வலிக்க அண்ணாந்து பதில் சொல்ல வேண்டும். மீட்டர் பார்க்கப் போகிறவர்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன ஆசிரியர்கள், கூரியர்காரர்கள், முன்பின் தெரியாத வீட்டுக் காலிங் பெல்லை அமுக்கிப் பிழைத்த எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு இது புரியாது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சுதா மேடம். என்னோடு களத்துக்கு வருகிறவர் மஞ்சுநாத். அவருக்கு வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், போலீஸ் பிடித்தால் இந்தி. பைக் அவருடையது, டேப் என்னுடையது. நான் திருப்பத்தூர்க்காரி. முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையானது: தரையெல்லாம் சிமென்ட் போட்டு மூடிவிட்ட ஊருக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்குப் பல இடங்களில், மாதம் தவறாமல், வருடக்கணக்கில் அளக்க வேண்டும். ஆகவே எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான். அடுத்த தடவை போகும்போது கிணறு அங்கே இருக்குமா?

போர்வெல் போனால் பரவாயில்லை, பக்கத்துத் தெருவில் இன்னொன்று கிடைக்கும். திறந்த கிணறு அப்படியில்லை. மேல்மட்டத்துத் தண்ணீரின் போக்கு அதில்தான் தெரியும். ஊருக்குள் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான திறந்த கிணறு ஒன்றே ஒன்று, காக்ஸ் டவுனில். அது மூடப்பட்டால் என் பட்டத்தையும் அதற்குள்ளேயே போட்டு மூட வேண்டியதுதான் என்று சுதா மேடம் முதல் வருடமே சொல்லிவிட்டார்.

இப்போது பெரும்பாலான இடங்களில் தானாக அளக்கும் கருவிகளை இறக்கிவிட்டோம். அவை நேரத்துக்கு நேரம் போனுக்கு எண் அனுப்புகின்றன. யாரும் என்னைத் திட்டுவதில்லை. திட்டு வாங்காமல் ஒரு மாதம் போனால் எனக்கு என்னவோ சம்பளமே வராத மாதிரி இருக்கிறது.

எண்ணெய் வைத்த பிள்ளை

தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டுமென்றால் மோட்டார் ஓடக் கூடாது. ஓடினால் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் மெல்ல ஏறித் தன் இடத்தில் வந்து நின்ற பிறகு அளந்தால்தான் அது உண்மையான எண். அதனால் முதல் நாளே போன் போட்டு, "நாளைக்குக் காலைல நாங்க வர்ற வரைக்கும் மோட்டார் போடாதீங்க" என்று சொல்லி வைப்போம். பெங்களூரில் ஒருவரிடம் போய் அவர் சொத்தில் பாதியைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பார். காலையில் மோட்டார் போடாதே என்றால் யோசிக்கவே மாட்டார்.

ஒக்கலிபுரத்தில் ஒரு காம்பவுண்டு. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போர். மோட்டார் அறைச் சாவி செல்வி அக்காவின் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். ஒரு நாள் ஸ்டேஷன் பக்கத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நுழைந்தால் பந்தல், மாவிலை, ஸ்பீக்கரில் பாட்டு. செல்வி அக்காவின் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து. பிள்ளை தலையிலிருந்து எண்ணெய் வழிய ஒரு மணையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது. காம்பவுண்டே காலிக் குடத்தோடு என்னைப் பார்க்கிறது. சொன்ன சொல்லுக்காக அக்கா அதுவரை மோட்டாரைத் தொடவில்லை.

அவசரமாக டேப்பை இறக்கினேன். போரின் பக்கச் சுவரில் இருந்த ஈரத்தில் பட்டுக் குண்டு பாதியிலேயே பொய்யாகப் பீப் அடித்தது. "அக்கா, இன்னொரு தடவை பாத்துக்கறேன்" என்றேன். மறுபடியும் பாதியிலேயே பீப். மூன்றாவது தடவைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி அக்கா சாவியை உருவிவிட்டார். "இன்னாம்மா நீ, எண்ணெய் வெச்ச புள்ளைய எவ்ளோ நேரம் இப்படியே வெச்சினு இருக்கறது? தண்ணி எங்க இருக்குன்னு நாளைக்கு வந்து பாரு, அது எங்கயும் ஓடிப்போவாது!"

நிலாக்காரர்

எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் பிரகாஷ் சார் இருந்தார். நாகர்கோவில்காரர். நிலாவின் தரையை ஆராய்கிறவர். விண்கலங்கள் எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கி, அதிலிருக்கும் பள்ளங்களை எண்ணி, எந்தப் பள்ளம் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று சொல்வார். ஏசி அறை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபில்டர் காபி. சேறு படிந்த பேன்ட்டோடு நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "பூமி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். ஒரு நாள், "வந்துதான் பாருங்களேன்" என்று கூப்பிட்டேன். வந்தார், அதுவும் புது ஷூ போட்டுக்கொண்டு.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய பழைய வீடு. அங்கே கேட்டில் நாய்கள் ஜாக்கிரதை என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அந்த வீட்டு நாய் பழக்கம், பிஸ்கட் போட்டால் வாலை ஆட்டும். பிரகாஷ் சார் நம்பி முன்னால் போனார். அந்த மாதம் வீட்டுக்காரர் இன்னொரு நாய் வாங்கியிருந்த விஷயம் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் நிதானமாக வெளியே வந்து, நிதானமாகக் கண்ணாடி போட்டு, எங்கள் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படித்து முடிக்கும்வரை பிரகாஷ் சார் துணி துவைக்கும் கல்லின் மேல் ஒற்றைக் காலில் நின்றார். அங்கிருந்தபடியே சொன்னார்: "கிரிஜா, என் நிலாவுல எவ்வளவோ பள்ளம் இருக்கு. ஒண்ணுக்குக்கூட ஓனர் கிடையாது, காலிங் பெல் கிடையாது, முக்கியமா நாய் கிடையாது!"

வரி போடவா, மூடவா?

காக்ஸ் டவுன் கிணற்றை நாங்கள் கண்டுபிடித்ததே தற்செயல். மழைக்கு ஒதுங்கிய ஒரு காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் தெரிந்தது. மஞ்சுநாத் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், பாவி இதே!" என்று கத்தினார். கன்னடத்தில் பாவி என்றால் கிணறு, இதே என்றால் இருக்கிறது. அது தெரியாத அந்த வீட்டு வேலைக்காரப் பெண் உள்ளே ஓடிப் போய் யாரோ திட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்தவர்தான் ஸ்டெல்லா டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் விக்டர் துபாயில். ஓடு போட்ட அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் சிலருக்கு ஆணோ பெண்ணோ எல்லோரும் 'மேன்'தான். எங்களை வராந்தாவில் உட்கார வைத்து, ஒரு தட்டில் அச்சு முறுக்கு மாதிரி இருக்கும் ரோஸ் குக்கியும் வைத்துவிட்டு, விசாரணையை ஆரம்பித்தார். கார்ப்பரேஷனா? இல்லை. கிணற்றை மூடச் சொல்லி நோட்டீஸா? இல்லை. குடிநீர் வாரியமா? இல்லை. பில்டர் அனுப்பினானா? இல்லவே இல்லை. வெறுமனே அளந்துவிட்டுப் போய்விடுவோம், ஒவ்வொரு மாதமும் வருவோம் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வரி போடவும் வரல, மூடவும் வரல, எதையும் எடுத்துக்கிட்டுப் போகவும் வரல. அப்ப எதுக்கு மேன் வந்தீங்க?"

சுவர் வளர்ந்த கதை

எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு ஒன்று உண்டு. கிணற்றின் ஆழத்தை ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். அதற்காகக் கைப்பிடிச் சுவரின் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு அம்பு போட்டு வைப்போம். டேப் அந்த அம்பிலிருந்துதான் இறங்க வேண்டும். டீச்சர் வீட்டுக் கிணற்றிலும் அப்படி ஒரு அம்பு இருந்தது.

ஒரு மாதம் அளக்க வேண்டிய நாளில் நான் என் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். மஞ்சுநாத் தனியாகப் போய் அளந்து எண்ணை அனுப்பினார். சுதா மேடம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாராம். நல்ல மழைக்காலத்தில் தண்ணீர் ஒன்றரை அடி இறங்கியிருக்கிறது! பக்கத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் பெரிய போர் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுக்கு வந்துவிட்டார். நான் கல்யாணச் சாப்பாடு ஜீரணமாவதற்குள் திரும்பி வந்து, மஞ்சுநாத்தும் நானுமாக அந்தத் தெரு முழுக்க, "புதுசா போர் போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு அலைந்தோம். போரை எல்லாம் சீல் வைக்க ஆள் வந்திருக்கிறது என்று தெருவில் செய்தி பரவி, பாதி வீடுகளில் கதவே திறக்கவில்லை.

கடைசியில் டீச்சர் வீட்டுக்குப் போனோம். கிணற்றை எட்டிப் பார்க்கக் குனிந்தேன், குனிய முடியவில்லை. என் இடுப்பளவு இருந்த சுவர் நெஞ்சளவு வந்திருந்தது. பழைய செங்கல் மேல் புதுச் செங்கல், நல்ல வழுவழுப்பான பூச்சு, உச்சியில் அழகாக வரையப்பட்ட சிவப்பு அம்பு. தண்ணீர் அதன் இடத்தில்தான் இருந்தது. உயர்ந்தது சுவர். மஞ்சுநாத்துக்கு அம்புதான் தெரிந்திருக்கிறது, அதற்குக் கீழே இருந்தது தெரியவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது டீச்சர் பெருமையாகக் கேட்டார்: "நீ மாசாமாசம் குனிஞ்சு குனிஞ்சு அளக்கறதப் பாக்கவே பாவமா இருந்துச்சு மேன், அதான் உசத்திக் கட்டச் சொன்னேன். உன் அம்பக்கூட மறக்காம மேல போடச் சொன்னேன், சரியா இருக்கா?"

மழையில்லாமல் ஏறியது

அடுத்த கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. புறநகரில் போர்கள் வரிசையாகத் தண்ணீருக்குப் பதில் காற்றடித்தன. டேங்கர் லாரி ஓட்டுநர்களை மாப்பிள்ளை மாதிரி உபசரித்தார்கள். அந்த நேரத்தில் டீச்சர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறியது. எண்ணைச் சொன்னதும் சுதா மேடம் கேட்ட முதல் கேள்வி, "சுவரைப் பாத்தியா?" என்பதுதான். பார்த்தேன், சுவர் அப்படியே இருந்தது. ஒரு துளி மழை இல்லாமல் தண்ணீர் மட்டும் மேலே வந்திருந்தது.

பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். மண்ணுக்குள் காலகாலமாகக் கிடந்த தண்ணீரின் குணத்தைவிட, குழாயில் வரும் தண்ணீரின் குணம்தான் அதில் அதிகம். கொஞ்சம் சாக்கடையும் சேர்த்தி. தெருவுக்கு அடியில் எங்கெங்கோ பைப் ஒழுகுகிறது. எங்கோ தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்த ஆற்றுத் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கி, இந்தக் கிணற்றில் வந்து நிற்கிறது. என் கேள்விக்கு முதல்முறையாக ஒரு பதிலின் வாசம் அடித்தது. இதை நிரூபிக்க அந்தக் கிணற்றை இன்னும் சில மழைக்காலங்கள், சில கோடைகள் விடாமல் அளந்தாக வேண்டும். தெருமுனையில் டேங்கருக்குக் காத்திருந்த காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டே மஞ்சுநாத் பைக்கை உதைத்தார். "மேடம், மேல டேங்க்ல காவேரி, கீழ மண்ணுலயும் காவேரி. நடுவுல நாம மட்டும் சும்னே குடத்த வெச்சுக்கிட்டு நிக்கறோம்."

டீச்சர் விழுந்த பிறகு

அந்த வருடம் மழை முடிந்த சமயம் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலையில் விழுந்தவர், மதியம் வேலைக்காரப் பெண் வந்து கதவைத் தள்ளும்வரை அந்த ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. விக்டர் துபாயிலிருந்து ஓடி வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு திரும்புவதற்குள் ஒரு பில்டரிடம் பேசி முடித்துவிட்டான். பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட். லிஃப்ட், செக்யூரிட்டி, அவசரத்துக்கு அமுக்க ஒரு பட்டன். டீச்சருக்கு இரண்டு ஃபிளாட். கிணறு இருந்த இடத்தில், கார் நிறுத்த இரண்டு அடுக்கு அடித்தளம்.

கிணற்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். ஊரின் நீர்வளம், அறிவியல், வருங்காலத் தலைமுறை, எல்லாம் அதில் இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக டீச்சர் வராந்தாவுக்கு வந்ததைப் பார்த்ததும் அந்த வசனத்தை விட்டுவிட்டு டேப்பை எடுத்தேன். வழக்கம்போல அளந்தேன். கிளம்பும்போது டீச்சரே கேட்டார்: "உன் படிப்பு என்ன மேன் ஆகும்?" வேறு கிணறு பார்த்துக்கொள்வேன் என்று பொய் சொன்னேன். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, டேப்பைச் சுற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "கோச்சுக்காத கிரிஜா. இந்தக் கிணத்தப் பாக்க மாசாமாசம் ரெண்டு பேர் வர்றீங்க. என்னப் பாக்க யாரு மேன் வர்றாங்க?"

மூச்சுக் குழாய்

வீட்டை இடித்த செங்கல்லையும் மண்ணையுமே கிணற்றுக்குள் தள்ளினார்கள். அன்று நான் போயிருக்கக் கூடாது, போனேன். வேலை பார்த்த மேஸ்திரி கிருஷ்ணகிரிப் பக்கம். முதல் லோடு விழுவதற்கு முன்னால், "இருங்க, இருங்க" என்று எல்லோரையும் நிறுத்தினார். நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து கிணற்றின் அடிவரை செங்குத்தாக இறக்கினார். கிணற்றை அப்படியே மூடக் கூடாதாம். அது மூச்சு விட ஒரு குழாய் விட வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆகாதாம். பில்டரின் இன்ஜினியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில் நாங்கள் செலவு பண்ணி மண்ணுக்குள் இறக்குகிற குழாயும் அச்சு அசல் அதேதான். நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"மேஸ்திரி, அடியில கொஞ்சம் ஓட்டை போட்டு, சுத்தி வலை கட்டி இறக்கினா இன்னும் நல்லா மூச்சு விடும்" என்றேன். இந்தப் பெண்ணுக்குத் தன்னைவிடப் பக்தி அதிகம் என்று நினைத்திருப்பார், உடனே செய்து கொடுத்தார். அடுத்த சில மாதங்கள், இடிந்த வீட்டின் நடுவில் தனியாக நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாய்க்குள் டேப்பை இறக்கி அளந்தேன். பீப் அடித்தது. இன்ஜினியர் முதலில் விரட்டினார், பிறகு என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, "ஹெல்மெட் போட்டுக்கிட்டு வாங்க" என்று விட்டுவிட்டார். காப்பாற்றிவிட்டோம் என்றே நம்பத் தொடங்கினேன்.

ஒரு மாதம் போனபோது அங்கே தரையே இல்லை. ஜேசிபி இரண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டிவிட்டிருந்தது. ஓரத்தில் ஊறிய தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய் எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அந்தப் பைப்பா மேடம்? ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு. கிணறே இல்ல, அப்புறம் அதுக்கு எதுக்கு மூச்சு?"

இரண்டாவது அடித்தளம்

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சுதா மேடம் வேறு கிணறு தேடச் சொன்னார். கிடைத்தவற்றில் ஒன்றில் குப்பை, ஒன்றில் பிள்ளையார் சிலைகள், ஒன்றின் மேலேயே யாரோ சமையலறை கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஏறி இறங்குவதை மாதாமாதம் குறித்து வந்த என் வரைபடம் பாதியில் நின்றது. என் அத்தை மகன் தன் கம்பெனியில் வேலை போட்டுத் தருகிறேன் என்றான். நானும் அரைமனதாகத் தலையாட்டி வைத்திருந்தேன்.

அபார்ட்மென்டில் எல்லோரும் குடிவந்து, முதல் பெரிய மழைக்காலம் முடிந்து, வானம் சுத்தமாக வெளுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இன்ஜினியர் போன் பண்ணினார். குரலே சரியில்லை. "மேடம், உங்க தண்ணி வந்திருக்கு" என்றார். மஞ்சுநாத்தைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது அடித்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தரையில் போட்ட கான்கிரீட்டின் இணைப்புகள் வழியாக மெதுவாக, சத்தமே இல்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. குடியிருப்பவர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு காரை வெளியே தள்ளினார்கள். ஒருவர் பிளம்பரைத் திட்டினார், ஒருவர் பில்டரைத் திட்டினார், குடியிருப்போர் சங்கச் செயலாளர் மொட்டை மாடித் தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பினார். எனக்கு மட்டும் கால் நனைந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

டீச்சர் வீட்டுக் கிணற்று அம்பின் உயரத்தை முன்பே பக்கத்துச் சர்ச் படிக்கட்டோடு ஒப்பிட்டுத்தான் குறித்து வைத்திருந்தோம். அதே படியிலிருந்து மட்டம் பிடித்துக்கொண்டு மஞ்சுநாத்தும் நானும் சரிவு வழியாக இரண்டு தளம் கீழே இறங்கினோம். கணக்குப் போட்டால், அந்த மாதத்தில் டீச்சர் வீட்டுக் கிணறு எந்த மட்டத்தில் நின்றிருக்குமோ, கிட்டத்தட்ட அந்த மட்டத்தில்தான் தண்ணீர் நின்றது. தண்ணீரை வெளியேற்ற மூலையில் ஒரு குழி எடுக்கச் சொல்லி, அதில் எங்களுக்கும் ஒரு குழாய் விடச் சொன்னேன். சங்கத்தார் அன்றைக்கு இருந்த நிலையில் நான் யானை கட்ட இடம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். வேலை, பட்டம் எல்லாம் அந்த மூலையிலிருந்து மறுபடி தொடங்கின. அத்தை மகனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன்.

நாங்கள் அளந்துகொண்டிருக்கும்போது, தண்ணீர் எட்டாத மேட்டில் இருந்த லிஃப்ட் திறந்தது. நைட்டி மேல் ஒரு சால்வை, வாக்கர், கையில் போன் வெளிச்சம். ஸ்டெல்லா டீச்சர். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, தண்ணீரின் ஓரம்வரை வந்துவிட்டார். யாரும் கார் தள்ளாத பக்கத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, விளக்கு வெளிச்சம் அதில் பளபளத்தது. "இது அதுவா மேன்?" என்று மெதுவாகக் கேட்டார். "அதேதான் டீச்சர்" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டார். அந்தப் பக்கம் சங்கச் செயலாளர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கிணத்தக் கொன்னுட்டேன்னு பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னேன் மேன், ஃபாதர் சிரிச்சுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ச் சொல்லணும், அது உயிரோடதான் இருக்குன்னு."

இன்றைக்கும் அந்த அடித்தளத்துக்குள் தண்ணீர் யாரையும் கேட்காமல் வந்து போகிறது, அதை அளக்கப் போகும் நான் மட்டும்தான் கேட்டில் செக்யூரிட்டி முன்னால் நின்று, செயலாளர் தன் போனில் 'அனுமதி' என்று அமுக்கும்வரை காத்திருக்கிறேன்.